வாவிக்கு அக்கரை: மட்டக்களப்பில் தொழுநோயரும் மாற்றுத்திறனாளிகளும்

மட்டக்களப்பு நகருக்கு அருகே, வாவிக்குள் கிடக்கும் மாந்தீவு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தொழுநோயாளர் தீவு என்றே அறியப்பட்டு வந்தது. நகரின் மையமான புளியந்தீவும் ஒரு தீவுதான். ஆனால் அதைக் கரையோடு பாலங்கள் இணைத்துவிட்டன. கல்லடியில் லேடி மன்னிங் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. 1928இல் புகையிரதமும் மட்டக்களப்பை வந்தடைந்தது. ஊர்களையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், 1920களின் தொடக்கத்தில், ஆங்கிலேய அரசு மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலையை அமைத்தது. அங்கே பாலம் இல்லை என்பதே அந்த இடத்தின் தகுதியாகக் கொள்ளப்பட்டது. கோட்டையும் கச்சேரியும் அருகில்தான். போய்வர வழி மட்டும் தோணி.

நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது கிரான். கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகம் அமைந்துள்ள ஊர் இது. பிரதான வீதியை ஒட்டிச் சந்திவெளி, கோரகல்லிமடு, முறக்கொட்டான்சேனை ஆகிய ஊர்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. பிரதேசத்தின் பெரும்பரப்பு மேற்கே இருக்கிறது: வயல், மேய்ச்சல் தரை, காடு, இடையிடையே சிற்றூர்கள், அவற்றுக்கும் அப்பால் குடும்பிமலை. கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே தண்ணீர். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை என்று மட்டக்களப்பார் தம் நிலத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்வதும் இந்தத் தண்ணீரை வைத்துத்தான். இப்பகுதியில் உடற்குறையோடு வாழ்ந்தவர்களின் வரலாற்றையும் தண்ணீரை வைத்தே சொல்லிவிடலாம். நோயோ ஊனமோ அவர்களுக்குச் செய்த தீங்கு ஒரு பங்கு. அவர்கள் எந்தக் கரையில் இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் எடுத்த முடிவு செய்த தீங்கு பல பங்கு.

வைத்தியசாலைகள் வருவதற்கு முன் இந்த முடிவை எடுத்தது குடும்பம். மட்டக்களப்புத் தமிழரிடையே குடி என்பது தாய்வழி. வீடும் வயலும் பெண்மக்களுக்குச் சீதனமாகப் போகும். மணமகன் பெண் வீட்டுக்குக் குடிவருவான். அடுத்த மகளுக்கு அருகிலேயே இன்னொரு வீடு எழும்பும். இந்த அமைப்பை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பிறவியிலேயே செவிப்புலனோ பார்வையோ இல்லாத ஒரு மகளுக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு பாதுகாப்பு இருந்தது. திருமணம் ஆகாவிட்டாலும் அவள் இருந்தது தன் தாயின் வளவில். சுற்றிலும் இருந்தது சகோதரிகளின் வீடுகள். மணமுடித்து அயலூருக்குப் போன இடத்தில் தனியாகத் தவிக்கும் நிலை அவளுக்கு நேர்வது அரிது. வயல் வேலையிலும் கால்நடை பராமரிப்பிலும் ஒரு கை குறைந்தவருக்கும் காது கேளாதவருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. அது நல்ல வாழ்க்கைதான் என்று சொல்லிவிட முடியாது. மரியாதையான இடம் கிடைப்பதும் மூலையில் ஒதுங்கிக் கிடப்பதும் அந்தந்த வீட்டின் மனத்தைப் பொறுத்தது. இருந்தாலும் அவர்கள் ஊருக்குள்ளேயே இருந்தார்கள்.

தொழுநோய் வந்தவருக்கு இந்த ஏற்பாடு தலைகீழாக வேலை செய்தது. ஒரு வளவுக்குள் சகோதரிகள் எல்லோரும் கூடி வாழும்போது, ஒருவருக்குக் குட்டம் என்ற பேச்சு எழுந்தால் அத்தனை பெண்களின் கலியாணமும் நின்றுபோகும். முற்பிறப்பின் பாவம், தெய்வ குற்றம் என்ற விளக்கங்கள் அச்சத்துக்கு நியாயம் கற்பித்தன. நோயாளியைப் பின்வளவில் தனிக் கொட்டிலில் வைப்பது, தனிச் சட்டி, தனிப் பாய் கொடுப்பது, கோயிலுக்கும் கிணற்றடிக்கும் வரவிடாமல் தடுப்பது ஆகியவை தமிழர் வாழ்ந்த எல்லா நிலங்களிலும் நடந்தவை. மருந்து இல்லாமல் இல்லை. நீரடிமுத்து எண்ணெயைத் தமிழ் வைத்தியம் நெடுங்காலமாகத் தோல் நோய்களுக்கும் தொழுநோய்க்கும் பயன்படுத்தி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகெங்கும் தொழுநோய் வைத்தியசாலைகளில் ஊசியாக ஏற்றப்பட்டதும் அதே மரவினத்தின் எண்ணெய்தான். பரியாரியார் பூசச் சொன்னதை டாக்டர் தசைக்குள் செலுத்தினார். ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டும். குணம் சிலருக்கு ஓரளவு தெரியும், பலருக்குத் தெரியாது.

இலங்கையில் தொழுநோயரை அரசே பிரித்து வைக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர்கள் ஒல்லாந்தர். கொழும்புக்கு வடக்கே, களனி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில், ஹெந்தளை வைத்தியசாலையை 1708இல் அவர்கள் கட்டி முடித்தார்கள். ஒல்லாந்தப் பெரிய மனிதர் ஒருவரின் மகளுக்கே நோய் கண்டது, அதனால்தான் அது கட்டப்பட்டது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், அந்த இடம் ஒதுக்கிவைப்பதற்கான இடமாக இருந்தது. குணப்படுத்த அக்காலத்தில் எவரிடமும் எதுவும் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியிலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அது அப்படியே தொடர்ந்தது.

மாற்றம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. நோர்வேயைச் சேர்ந்த மருத்துவர் ஹான்சன் 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதுவரை பரம்பரை நோய் என்று பலரும் எண்ணியிருந்தது தொற்றுநோய் என்று ஆயிற்று. அறிவியலின் பெரிய வெற்றி அது; நோயாளிகளுக்கோ அதுவே பெரிய கேடாக முடிந்தது. ஹவாய்த் தீவுகளில் நோயாளிகளுக்கு ஊழியம் செய்த பாதிரியார் டேமியன் அதே நோயால் 1889இல் இறந்த செய்தி உலகெங்கும் பீதியைக் கிளப்பியது. 1897இல் பேர்லினில் கூடிய முதலாவது அனைத்துலகத் தொழுநோய் மாநாடு நோயாளிகளைப் பிரித்து வைப்பதே வழி என்று பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு இந்தியாவில் தொழுநோயர் சட்டம் வந்தது. இலங்கையில் 1901ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கத் தொழுநோயர் கட்டளைச் சட்டம் பிறந்தது. பிரித்து வைப்பதும் சிகிச்சை அளிப்பதும் அதன் நோக்கங்கள். இரண்டாவதற்கு வழி இல்லாத காலம் அது. ஆகவே முதலாவது மட்டுமே நடந்தது.

சட்டத்துக்கு இடம் வேண்டும். ஹெந்தளை மேற்குக் கரையில், நாட்டின் மறுபக்கத்தில் இருந்தது. கிழக்கில் நோயாளிகள் நிறைய இருந்தார்கள். இந்த இடைவெளியை நிரப்பத்தான் மாந்தீவு. தீவைத் தேர்ந்தது மட்டக்களப்பு அதிகாரிகளின் தனி யோசனை அல்ல. அந்தக் காலத்தின் உலக வழக்கம் அதுவே. ஹவாயில் மொலோக்காய், தென்னாபிரிக்காவில் ரொபின் தீவு, பிலிப்பைன்சில் குலியோன், தமிழர் பலர் தொழில் தேடிப் போன பினாங்கில் ஜெரஜாக் தீவு என்று, கடல் கிடைத்த இடத்தில் கடலையும் வாவி கிடைத்த இடத்தில் வாவியையும் மதிலாக்கினார்கள். செங்கல்லும் காவலாளியும் இல்லாமலே இந்த மதில் நின்றது. செலவு குறைவு என்பது ஆட்சியாளருக்குப் பிடித்த குணம்.

தீவுக்குப் போனவர்கள் கையாலாகாதவர்கள் அல்லர். விவசாயி, மீனவர், இளம் தாய், பள்ளிக்கூடப் பிள்ளை என்று எல்லா வகையினரும் இருந்தார்கள். போகும்போது பெரும்பாலோருக்கு நடக்கவும் வேலை செய்யவும் முடிந்தது. பலர் அங்கேயே முதுமை கண்டார்கள். இந்த நோய் மனிதரை எப்படி முடமாக்குகிறது என்பதை விளங்கிக்கொண்டால், அந்தத் தீவுவாழ்க்கை எவ்வளவு வீணானது என்பதும் விளங்கும்.

தொழுநோய்க் கிருமி விரல்களை அரித்துத் தின்பதில்லை. மக்கள் பல தலைமுறையாக நம்பியது அப்படி. மருத்துவர்களே வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். கிருமி குடிகொள்வது தோலிலும் நரம்பிலும். உடலின் குளிர்ச்சியான பகுதிகளை அது விரும்புகிறது. முழங்கை ஓரமாக ஓடும் நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போகும். முழங்கால் ஓரத்து நரம்பு கெட்டால் பாதம் தொங்கிவிடும். முக நரம்பு கெட்டால் கண் மூடாது. மூடாத கண் தூசி பட்டு மங்கிப் பார்வை போகும். இவற்றையெல்லாம்விடக் கொடியது உணர்ச்சி அற்றுப்போவது. கொதிக்கும் சோற்றுப்பானையை வெறுங்கையால் இறக்கும் பெண்ணுக்குச் சூடு தெரியாது. வயலில் செருப்பில்லாமல் நிற்கும் விவசாயிக்கு முள் குத்தியது தெரியாது. புண் ஆழமாகிச் சீழ்பிடித்து எலும்பைத் தொடும்போதும் வலி இல்லை. வலி இல்லாததால் அவர் அதே காலால் மறுநாளும் வயலுக்குப் போவார். விரல்கள் குறைவது இப்படித்தான். நோய்க்கும் ஊனத்துக்கும் நடுவே பல ஆண்டு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு சோடிச் செருப்பும், கைப்பிடித் துணியும், தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தால் ஊனமே வராமல் தடுக்கலாம். நோயாளியை ஒளித்து வைத்த சமூகம் இந்த இடைவெளியை முழுதாகத் தவறவிட்டது. தீவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து மறைந்திருந்தவர்கள் முடமான பின்புதான் வெளியே வந்தார்கள். அவர்களைப் பார்த்து ஊர் மேலும் பயந்தது. தனிமைப்படுத்தும் சட்டம் தான் தடுக்க வந்த நோயைத் தானே மறைத்து வளர்த்தது என்பது மிகையான குற்றச்சாட்டு அல்ல.

இன்னொரு உண்மையும் அன்றைக்குத் தெரியாதிருந்தது. மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. கிருமி மிக மெதுவாகப் பெருகும். தொற்றிய பின் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டு ஆகும். தீவுக்கு அனுப்பப்பட்டவர் அனுப்பப்படுவதற்கு முன் வருடக்கணக்காகத் தம் வீட்டில்தான் இருந்தார். பரவ வேண்டியது அதற்குள் பரவியிருக்கும்.

1941இல் அமெரிக்காவின் கார்வில் வைத்தியசாலையில் சல்போன் வகை மருந்து தொழுநோய்க்கு முதன்முதலாகப் பலன் தந்தது. அந்த வகையில் மலிவான டாப்சோனை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தவர்களில் முன்னோடி, தமிழ்நாட்டில் செங்கல்பட்டில் பணியாற்றிய மருத்துவர் ரொபர்ட் கொக்ரேன். வேலூரில் போல் பிராண்ட் 1940களின் இறுதியில் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். வேலை செய்யும் தசைநார் ஒன்றை எடுத்துச் செயலிழந்த விரல்களோடு இணைப்பது அந்த முறை. விரல்கள் கிருமியால் உதிரவில்லை, உணர்ச்சியற்ற கையில் படும் காயங்களால்தான் குறைகின்றன என்பதை உலகுக்கு நிறுவியதில் அவருக்கும் வேலூருக்கு அருகிலுள்ள காரிகிரி நிலையத்துக்கும் பெரும் பங்கு உண்டு. தொழுநோய் ஊனம் பற்றிய நவீன அறிவின் கணிசமான பகுதி தமிழ்நாட்டு நோயாளிகளின் கைகால்களிலிருந்து கற்றது.

இலங்கை 1954இல் தொழுநோய்த் தடுப்பு இயக்கத்தைத் தொடங்கியது. டாப்சோன் வந்த பின் கட்டாயப் பிரிப்புக்கு மருத்துவக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. புதிய நோயாளிகளைத் தீவுக்கு அனுப்புவது படிப்படியாகக் குறைந்தது. ஏற்கெனவே அனுப்பப்பட்டவர்களின் கதை வேறு. குணமடைந்தும் அவர்களில் பலருக்குப் போக இடம் இல்லை. வீடு சகோதரியின் சீதனமாகிவிட்டது, வயல் கைமாறிவிட்டது, பிள்ளைகள் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. கோணலான கை, குணமாகிவிட்டது என்ற மருத்துவச் சான்றை ஊராரின் கண்ணில் பொய்யாக்கியது. அப்படியே சிலர் வாழ்நாள் முழுதும் மாந்தீவிலேயே தங்கிவிட்டார்கள். இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்தபோது அங்கே இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள். மருந்து தீவைத் திறந்துவிட்டது. ஊர் திறக்கவில்லை.

உடற்குறையுள்ள மற்றவர்களுக்கு அரசும் சமயச் சபைகளும் காட்டிய வழியும் தொலைவாகவே இருந்தது. அதில் நோக்கம் மட்டும் நல்லது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவிப்புலனற்றோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் தோன்றிவிட்டன. இலங்கையில் 1912இல் மேரி சாப்மன் என்னும் கிறிஸ்தவ ஊழியர் தொடங்கிய பள்ளி, பின்னர் இரத்மலானையில் வேரூன்றியது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று யாழ்ப்பாணத்துக்கு அருகே கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956இல் அமைந்தது. இப்பள்ளிகளிலிருந்து ஆசிரியர்களும் இசைவாணர்களும் தொழில்வல்லாரும் உருவானார்கள். ஆனால் கிரானில் பார்வையின்றிப் பிறந்த ஒரு போடியார் (நிலக்கிழார்) வீட்டுப் பிள்ளைக்கும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் படிப்பு என்பது ஐந்து, ஆறு வயதில் தாயை விட்டுப் பிரிந்து நாட்டின் மறுகோடிக்குப் போவதாக இருந்தது. அனுப்பப் பணமும் துணிச்சலும் உள்ள வீடுகள் சில. மற்றப் பிள்ளைகள் வீட்டோடு இருந்தார்கள்.

இதற்கு மாற்றான சிந்தனை 1970களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தில் உருவெடுத்தது. புனர்வாழ்வைப் பெரிய நிலையத்தில் தேடாமல், அந்த நபரின் வீட்டிலும் ஊரிலும், குடும்பத்தாரைக் கொண்டே செய்வது அதன் சாரம். இந்த முறையை வகுத்தவர்களில் ஒருவர் இலங்கைப் பெண்மணி, இயன்மருத்துவர் பத்மனி மெண்டிஸ். இன்று பல நாடுகளில் பயன்படும் அதன் பயிற்சிக் கைநூலின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். இலங்கையில் 1980களின் தொடக்கத்தில் முன்னோடி முயற்சியாகத் தொடங்கிய சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வுத் திட்டத்தை 1994இல் சமூக சேவைகள் அமைச்சு தேசியத் திட்டமாக ஏற்றது. ஒரு தாய் தன் பிள்ளைக்கு நிற்கக் கற்றுக்கொடுக்க வாசல் தூண்களுக்கு இடையே கட்டிய இரண்டு மூங்கில் கழி போதும் என்று காட்டிய திட்டம் அது.

தொழுநோயிலும் அதே திருப்பம் நேர்ந்தது. டாப்சோனுக்குக் கிருமி பழகிவிட்டதால், மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1982இல் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே இலங்கை அதை நடைமுறைப்படுத்தியது. இன்றைய முறையில் நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் மாத்திரை, அதோடு சரி. ஆனால் மருந்து கையில் இருந்தும் நோயாளிகள் வரவில்லை. 1990இல் தொடங்கிய விளம்பர இயக்கம் இந்தப் பூட்டைத் திறந்தது. சவர்க்காரத்தையும் தேயிலையையும் விற்கும் அதே உத்தி: வானொலி, தொலைக்காட்சி, சுவரொட்டி; குணப்படுத்தக்கூடிய சாதாரண நோய் என்ற ஒரே செய்தி. கோரமான படங்களைக் காட்டிப் பயமுறுத்தும் பழைய பிரசாரத்தை அது அடியோடு கைவிட்டது. புதிதாக இனங்காணப்படுவோர் தொகை பலமடங்கு உயர்ந்தது. தாமாகவே சந்தேகப்பட்டு வந்தவர்கள் ஏராளம். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவான நோயாளர் என்ற உலக இலக்கை நாடு 1995இல் அடைந்தது. பயம் காட்டிச் செய்ய முடியாததைப் பயம் நீக்கிச் செய்துகாட்டிய அந்த இயக்கம், இலங்கைச் சுகாதார வரலாற்றில் இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டியது.

கிழக்கில் இந்தச் செய்தி தடையின்றிப் பரவவில்லை. 1990 ஜூனில் மட்டக்களப்பு மீண்டும் போருக்குள் விழுந்தது. கிரானும் அதன் மேற்குக் கிராமங்களும் அரச படை, விடுதலைப் புலிகள் இயக்கம் என்ற இரு தரப்பின் ஆளுகைக்கும் நடுவே நின்ற நிலம். சோதனைச் சாவடியைக் கடந்து மாதம் தவறாமல் மருந்துக்கு வருவது நோயாளிக்கு எளிதல்ல. ஊர் ஊராகப் போவது சுகாதாரப் பரிசோதகருக்கும் எளிதல்ல. 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் கரையோரத்தை அழித்தது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் படுவான்கரையிலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தார்கள். 2007 ஜூலையில் குடும்பிமலைப் பகுதி படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததோடு கிழக்கில் சண்டை ஓய்ந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலை அதன் பின்னும் பல ஆண்டு நீடித்தது.

போர் ஊனத்தின் முகத்தை மாற்றிவிட்டது. அதுவரை பிறவியாலும் நோயாலும் வந்த குறை, இப்போது எறிகணையாலும் கண்ணிவெடியாலும் துப்பாக்கிச் சூட்டாலும் வந்தது. காலிழந்தவர் எல்லா ஊரிலும் இருந்தார். முற்பிறப்புப் பாவம் என்ற விளக்கம் அவரிடம் செல்லவில்லை. ஆனால் இங்கே வேறொரு பிரிவினை முளைத்தது. அரச படையில் இருந்து ஊனமுற்றவருக்கு ஓய்வூதியமும் விழாக்களில் முன்வரிசையும் கிடைத்தன. இயக்கத்தில் இருந்து ஊனமுற்றவருக்குச் சந்தேகமும் விசாரணையும் கிடைத்தன. இரண்டிலும் இல்லாத பொதுமகன் இரண்டு கணக்கிலும் வரவில்லை. வெட்டுண்ட கால் ஒரே மாதிரியானது. அதற்குக் கிடைத்த மதிப்பு, அது எந்தப் பக்கம் நின்றது என்பதைப் பொறுத்தது. தொழுநோயருக்கு வாவி செய்ததை இவர்களுக்கு அரசியல் செய்தது.

சட்டங்கள் இதற்கிடையே வந்துகொண்டிருந்தன. அரச வேலைவாய்ப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு என்ற சுற்றறிக்கை 1988இல் வெளியானது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. வேலையிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்றது அது. பொதுக் கட்டடங்களுக்குள் தடையின்றிச் செல்லும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவை காகிதத்திலேயே நின்றதால், சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் சென்றார். புதிய பொதுக் கட்டடங்கள் அனைத்தும் விதிகளைப் பின்பற்றியாக வேண்டும் என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007இல் கையெழுத்திட்ட இலங்கை, 2016இல் அதை உறுதிசெய்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 8.7 சதவீதத்தினர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதோ ஒரு செயற்பாட்டுச் சிரமத்தோடு வாழ்ந்தார்கள். இத்தனை பெரிய தொகையை விதிவிலக்கு என்று எண்ணி ஆட்சி நடத்த முடியாது. நடைமுறையில் அப்படித்தான் நடத்தப்படுகிறது.

கிரானில் அதற்குக் கண்ணெதிரே சான்று இருக்கிறது. பிரதேச செயலகம் கிழக்குப் பக்கத்தில். மேற்கே புலிபாய்ந்தகல், பூலாக்காடு, முறுத்தானை போன்ற ஊர்கள். வடகீழ்ப் பருவ மழை வலுக்கும்போது கிரான் – புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் பாயும். தாழ்ந்த பாலம் மூழ்கும். மக்கள் இயந்திரப் படகில் போய்வருவார்கள். பெரும்போக வேளாண்மை நடக்கும் மாதங்களும் இவையே. திடகாத்திரமானவர் நெல் மூட்டையோடும் மோட்டார் சைக்கிளோடும் படகேறிவிடுவார். ஊன்றுகோலில் நிற்பவர், உணர்ச்சியற்ற பாதத்தில் புண் உள்ளவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆகியோரின் கதி வேறு. உதவிப்பணப் படிவமும் மருத்துவச் சான்றும் கிளினிக்கும் அக்கரையில். செயலகக் கட்டடத்துக்குச் சாய்தளம் கட்டுவது சட்டப்படி சரி. சாய்தளம் வரை வந்துசேர்வது எப்படி என்று எந்த ஒழுங்குவிதியும் கேட்கவில்லை. உயர்ந்த பாலம் ஒன்று கட்டுவது இப்பகுதியில் வீதி அபிவிருத்தியாக மட்டுமே பேசப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் பட்டியலிலும் அதுவே முதலில் எழுதப்பட வேண்டியது.

2020 மார்ச்சில், இதே கோறளைப்பற்று வட்டாரத்தில் புனானையில் கட்டப்பட்டிருந்த ஒரு வளாகம் கொரோனாத் தனிமைப்படுத்தல் நிலையம் ஆனது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அங்கே கொண்டுவரப்பட்டபோது மாவட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது. நோயாளிகளை ஏன் எங்கள் பக்கம் கொண்டுவருகிறீர்கள் என்பதே கேள்வி. நூறு ஆண்டுக்கு முன் மாந்தீவைத் தேர்ந்தெடுக்கவைத்த அச்சம் அது. ஒரு வேறுபாடு: புனானைக்கு வந்தவர்கள் பதினான்கு நாளில் வீடு திரும்பினார்கள், அவர்களுக்குத் திரும்பிப்போக வீடு இருந்தது.

தொழுநோய் இலங்கையை விட்டுப் போய்விடவில்லை. 1995இன் இலக்கை எட்டிய பிறகும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் இனங்காணப்பட்டு வந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் சிறுபிள்ளை. பிள்ளைகளுக்கு வருகிறது என்றால் அருகில் சிகிச்சை பெறாத பெரியவர் எவரோ இருக்கிறார் என்று பொருள். மட்டக்களப்பு, நோய் அதிகமாகக் காணப்படும் மாவட்டங்களில் ஒன்று. ஆகவே கிரானில் இதை வாசிப்பவரும் வேறெங்கு வாசிப்பவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தோலில் நிறம் வெளுத்த அல்லது சிவந்த தேமல் இருந்து, அதில் தொடுகையோ சூடோ தெரியாவிட்டால், அரசாங்க வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள்; போகத் தயங்கும் அயலவரைக் கூட்டிப்போங்கள். பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே நோய் மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். நோயாளி வீட்டிலேயே இருந்து, வேலைக்குப் போய்க்கொண்டே குணமாகலாம்.